2⁶⁷ − 1: ஒரு 21 இலக்க எண்ணின் வரலாறு

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை எல்லோரும் அறிந்தது. 64 கட்டங்களோடு நிறுத்தாமல் மேலும் மூன்று கட்டங்களை நிரப்பி, மொத்த மணிகளையும் எண்ணினால் 147573952589676412927 வரும். 2⁶⁷ − 1 என்ற எண் இதுதான். இது பகா எண்ணா என்ற கேள்விக்கு விடை கிடைக்க 232 ஆண்டுகள் ஆயின.

இவ்வகை எண்களின் மீது ஆர்வத்தைக் கிளப்பியவர் யூக்ளிட். 6, 28, 496 ஆகியவை தம்மைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தாமே கிடைக்கும் நிறைவெண்கள். இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து 1 குறைத்தால் பகா எண் வருமானால், அதைக்கொண்டு ஒரு நிறைவெண்ணை ஆக்கலாம் என்று அவர் நிறுவினார். பகா எண் வர வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது: 2¹¹ − 1 என்பது 2047, அது 23 × 89.

பாரிஸில் வாழ்ந்த துறவி மரேன் மெர்சேன் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். நிறுவல் எதுவும் தரவில்லை. 31 சரியென்று ஆய்லர் 1772இல் காட்டினார். 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, காரணிகளைத் தேடாமலே சோதிக்கும் வழியொன்றைக் கண்டார். குறிப்பிட்ட ஒரு தொடரின் உறுப்புகளை அந்த எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் பார்க்கும் முறை அது. 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 அதில் தேறியது. 2⁶⁷ − 1 தேறவில்லை.

ஆக, இது பகு எண். ஆனால் எதனால் வகுபடும்? லூக்காவின் முறை அதைச் சொல்லாது. ஓர் எண் உடையும் என்று அறிவதும் அதை உடைத்துக் காட்டுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் எண்கள் குறைவு.

தேடலைச் சுருக்க ஒரு விதி உண்டு. ஃபெர்மா 1640இல் கண்ட அதன்படி, இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 134இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்கும். அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்பது இன்னொரு கட்டுப்பாடு. இவ்விரண்டையும் வைத்துச் சலித்த பிறகும், சிறிய காரணியைத் தொடுவதற்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் நிற்கின்றன. அவற்றுள் பகு எண்களை நீக்கினாலும் மிச்சம் கையால் வகுத்துத் தீராது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல், வர்க்க எண்களின் மீதிகளைக்கொண்டு தேடலை மேலும் குறுக்கினார். 1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் விடையை வைத்தார்:

193707721 × 761838257287

கோல் ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1ஐக் கணக்கிட்டு, மறுபக்கம் இப்பெருக்கலைச் செய்து முடித்து அமர்ந்தார், அவை கைதட்டியது என்று கணித அறிஞர் ஈ. டி. பெல் எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று கோல் கூறியதாகவும் அவரே சொல்கிறார். அந்த ஞாயிறுகளின் விளைவை எவரும் சரிபார்க்கலாம்: முதல் காரணி 134இன் 14,45,580 மடங்கோடு 1 சேர்ந்தது, 8ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டாவதற்கு மீதி 7.

மெர்சேனின் பட்டியலில் பிழை இது ஒன்றல்ல. 257உம் பகு எண்ணையே தருகிறது. அவர் விட்டுவிட்ட 61, 89, 107 ஆகிய மூன்றும் 1883க்கும் 1914க்கும் இடையில் பகா எண் தருபவை என்று நிறுவப்பட்டன. 257 வரையுள்ள அடுக்குகள் எல்லாம் சோதித்து முடிக்கப்பட்டது 1947இல்.