ஐம்பத்தேழு நாள்: செஞ்சி, வல்லம் வட்டாரத்திலிருந்து பாராட்டின் வரலாறு

வல்லம் பக்கத்திலிருந்து செஞ்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊருக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றில் ஏறுகிறவர்கள் குறைவு. அங்கே ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அந்தக் குன்றிலேயே ஒரு சிறிய கல்வெட்டும் இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவிடம், அது. தமிழில் 'ஐ' எழுத்து முதலில் தென்படும் கல்வெட்டு என்று எழுத்தாய்வாளர்கள் இதைக் கொண்டாடுவது வழக்கம். அந்த 'ஐ' வருவது 'ஐம்பத்தேழு' என்ற சொல்லில்தான் என்பதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அவர் யார் மகன், எந்த அரசன் காலத்தவர் என்ற விவரமே அதில் கிடையாது. என்ன செய்தார், எத்தனை நாள் செய்தார் என்பதோடு கல் நின்றுவிடுகிறது.

சமூகம் ஒருவரைப் பாராட்டிய முறை இந்த வட்டாரத்தில் எப்படி மாறிவந்தது என்று தேடும்போது, இந்தக் கல்லையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

நடுகற்களும் இதே இலக்கணத்தில் அமைந்தவை. செங்கம் வட்டாரத்தில், சாத்தனூர் அணைக்கு அருகே எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அதில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வனைக் கடித்துக் காத்து நின்றது என்று நாயின் செயலும் எழுத்தில் ஏறியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த இந்த மரியாதை, இன்று மேடையில் கேடயம் வாங்கும் பலருக்குக் கிடைப்பதில்லை. கேடயத்தில் பெயர் இருக்கும், செயல் இருக்காது. வீழ்ந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கமும் இருந்தது. ஆக, பாராட்டு ஊரிலேயே நின்றது, அடுத்த தலைமுறைக்குச் சோறும் போட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இது தலைகீழானது. ராவ் சாகிப், ராவ் பகதூர், கான் பகதூர், திவான் பகதூர் எல்லாமே படிநிலையைச் சொல்பவை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசியவர். அரசு அவருக்கு 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் என்று பட்டங்களைத் தந்தது. மூன்றையும் அடுக்கிவைத்துப் படித்தாலும் அவர் செய்த வேலை என்னவென்று ஒரு சொல்கூடத் தெரியாது. 1920-இல் ஒத்துழையாமை இயக்கம் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதற்கு அரசியல் காரணங்கள் இருந்தன. இந்த வெறுமையும் ஒரு காரணமாக உறுத்தியிருக்கலாம் என்பது என் ஊகம்.

அரசுக்கு வெளியே மக்கள் தாங்களாகவே பாராட்டியதும் உண்டு. 1946-இல் அண்ணாவின் முயற்சியில் பாரதிதாசனுக்கு 25,000 ரூபாய் பொற்கிழி திரண்டது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்க்காரரான ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை அவருடைய அரசே பெற்றது 1949-இல். பிற்பாடு அவை பொதுச்சொத்தாயின. நாமக்கல் கவிஞர் அரசவைக் கவிஞரானதும் அதே 1949-இல்தான். ஒன்று பதவி, மற்றொன்று எழுத்தையே ஊருக்குத் திறந்துவிட்ட செயல். எது பெரிய மரியாதை என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். நூல்களை நாட்டுடைமையாக்கித் தொகையைக் குடும்பத்துக்கு அளிக்கும் இன்றைய தமிழக நடைமுறைக்கு அதுதான் வித்து. உதிரப்பட்டியின் சாயல் அதில் எஞ்சியிருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. 1954-இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. இவை பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் போடக்கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகள் அந்தத் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை.

விழுப்புரம் மாவட்டக் கலைஞர்களுக்கு நெருக்கமானவை மாவட்டக் கலை மன்றம் தரும் விருதுகள். 18 வயதுவரை கலை இளமணி. பிறகு வயது ஏற ஏறக் கலை வளர்மணி, கலைச்சுடர்மணி, கலை நன்மணி. 66 வயதுக்கு மேல் கலை முதுமணி. பெயர்கள் அழகானவைதான். ஆனால் அவை பிரிப்பது வயதை. கூத்தாடியா, நாதசுரக்காரரா, பம்பை அடிப்பவரா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

2021-இல் தமிழக அரசு தகைசால் தமிழர் விருதை ஏற்படுத்தியது. தொகை 10 லட்சம் ரூபாய். முதலில் பெற்ற என். சங்கரய்யா அதை முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். மறு ஆண்டு இரா. நல்லகண்ணு, தன் கையிலிருந்து 5,000 ரூபாயும் சேர்த்து அரசிடமே திருப்பித் தந்தார். விருதுப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. மக்கள் நினைவில் இருப்பதோ அந்த ஐயாயிரம்.

திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, நடுராத்திரியில் யாராவது எழுந்துபோய் ஆடுகிறவரின் உடுப்பில் ஒரு நோட்டைக் குத்துவார். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் அறிவிப்பான். எதற்காகக் கொடுத்தார் என்று சொல்லவேண்டியதில்லை; சபை அந்தச் சுழன்றாடலை இப்போதுதான் பார்த்தது.