கண்டிப் பீரங்கி திரும்பி வந்த கதை

தலதா மாளிகைக்கு அயலில் பல்லே வாகல என்னும் பழைய அந்தப்புரம் ஒன்று உண்டு. கண்டி அரசிமார் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அம்மனையே இன்று தேசிய நூதனசாலையாய் விளங்குகின்றது. நம் சங்கத்து வாலிபர் பலர் அவ்வழியாய் நாள்தோறும் போய் வருவர். உள்ளே நுழைந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை சொல்லத் தயங்குவர். அந்நூதனசாலையில் இல்லாத ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். இருநூற்றைம்பத்தெட்டு ஆண்டுகள் பிறதேசத்தில் இருந்து, 2023 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் கொழும்பு நூதனசாலையை வந்தடைந்த கண்டிப் பீரங்கியே அது.

பீரங்கி என்றதும் கோட்டை மதிலைத் தகர்க்கும் பெருங்குழாய் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டாம். இது சிறியது, போருக்கன்று, அரசன் திருமுன் வைத்து அழகு பார்ப்பதற்கு அமைந்தது. வெண்கலத்தின்மேல் பொன்னும் வெள்ளியும் இழைத்து, செம்மணிகள் பதித்து, சூரியனும் பிறைமதியும் சிங்கமும் பொறித்திருக்கின்றனர். இவை கண்டி வேந்தரின் இலச்சினைகள். லெவுகே திசாவை என்னும் பிரதானி 1745 ஆம் ஆண்டளவில் இதனை அலங்கரிப்பித்து அரசனுக்குக் காணிக்கையாக்கினான் என்பது பீரங்கியின் சிங்களச் சாசனத்தாலும் பிற சான்றுகளாலும் துணியப்பட்டிருக்கின்றது.

அப்பொழுது சிங்காசனத்தில் இருந்தவன் யார்? ஸ்ரீ விஜய இராசசிங்கன். 1739 இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறக்க, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அவன் தேவியின் உடன்பிறந்தானாகிய இவனே முடி சூடினான். இவ்வாறு தொடங்கிய நாயக்கர் ஆட்சி 1815 வரை நிலைத்தது. நாயக்கரைத் தமிழர் என்று நம்மவர் சிலர் மார்தட்டுவதுண்டு. அவர் வடுகர், தெலுங்கு மரபினர் என்பதே சரியான செய்தி. தமிழ்நாட்டில் வேரூன்றித் தமிழும் வழங்கிய குலத்தினர் என்று சொல்லலாம். அதற்கு மேற்சென்று நம்முடையவர் என்று உரிமை பாராட்டுவது சரித்திரமாகாது.

அடுத்து அரசுகட்டிலேறிய கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747-1782) காலத்தை நம் இளைஞர் அவசியம் கற்றல் வேண்டும். சைவக் குடியிற் பிறந்த அவ்வரசன் காலத்தில், வெலிவிட்ட சரணங்கரர் என்னும் துறவியின் முயற்சியால், சீயத்திலிருந்து பிக்குமார் வருவிக்கப்பெற்று, 1753 இல் அழிந்துபோயிருந்த உபசம்பதா மரபு மீண்டும் நிலைநாட்டப்பட்டது. நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களுக்குரியதாயிருந்த எசலப் பெரகராவில் தந்ததாதுவை முன்செல்லச் செய்தவனும் அவனே என்பர். அப்படியிருந்தும் 1760 இல் பிரதானிகள் சிலரும் பிக்குமார் சிலரும் கூடி, அந்நிய சமயத்தான் என்று காரணம் காட்டி அவனைக் கொல்லச் சதி செய்தனர். சதி வெளிப்பட்டது, அரசன் பிழைத்தான். அதன் பின்னரும் பௌத்த விகாரைகளுக்கு அவன் செய்துவந்த கொடை குறையவில்லை. இந்த ஒரு செய்தியை மாத்திரம் நம் ஊரில் எல்லா மொழியினரும் அறிந்திருப்பின் எத்தனை வீண்பேச்சுக்கள் அடங்கியிருக்கும்!

கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கறுவாப் பட்டைக்காகவும் யானைகளுக்காகவும் மூண்ட பகை முற்றி, 1765 மாசி மாதத்தில் தேசாதிபதி லூபேர்ட் யான் வான் எக் பெரும் சேனையுடன் கண்டிக்குள் நுழைந்தான். அரசன் முன்னரே மலைகளுக்குள் போய்விட்டான். ஆளில்லா அரண்மனை சூறையாடப்பட்டது. எனினும் நோயும் உணவுத் தட்டுப்பாடும் ஒல்லாந்தரை வாட்டின. அவ்வாண்டு சித்திரையிலேயே வான் எக் இறந்தான். மாதங்கள் சில செல்லச் சேனையும் பின்வாங்கிற்று. நகரை இழந்தார்களேயன்றிக் கொள்ளையை இழந்தார்களில்லை. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் பெற்றுக்கொண்டனர்.

பீரங்கி ஒல்லாந்து சென்று, ஐந்தாம் வில்லியம் என்னும் அவர்தம் தலைவனின் சேகரத்திற் சேர்ந்தது. பின்னர் அங்கு குழப்பம் நேர்ந்து அவன் நாட்டை விட்டோட, 1800 அளவில் அரசாங்கக் காட்சிச் சேகரத்திற் புகுந்து, ஈற்றில் அம்ஸ்ரடாமிலுள்ள றைக்ஸ் நூதனசாலையில் அமர்ந்தது.

கண்டி இராசதானியின் சிங்காசனமும் முடியும் 1934 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பின. ஆயின் பீரங்கி வரவில்லை. இலங்கை நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பீ. எச். டீ. எச். டி சில்வா, பிறநாடுகளிற் கிடக்கும் நம் பழம்பொருள்களைப் பட்டியலிட்டு 1975 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். கேட்பது யாது, எங்குளது என்று சொல்லத் தெரிந்தாலன்றோ கேட்க முடியும்? அவ்வகையில் அந்நூலே முதற்படி. கேட்டும் பல்லாண்டுகள் பயனின்றிக் கழிந்தன.

திருப்பம் எங்கிருந்து வந்தது? 2019 முதல் 2022 வரை றைக்ஸ் நூதனசாலையும், உலகப் பண்பாடுகளின் தேசிய நூதனசாலையும், நியோட் என்னும் ஆராய்ச்சி நிலையமும் கூட்டாக ஒரு வேலையை மேற்கொண்டன. குடியேற்றக் காலத்திற் கிடைத்த பொருள்கள் எவ்வாறு கிடைத்தன என்று ஆராய்வதே அவ்வேலை. லெய்டன் பல்கலைக்கழக வரலாற்றறிஞரும் நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதிற் பங்குகொண்டனர். ஒல்லாந்தக் கும்பினியின் கடிதங்கள், சேகரப் பதிவேடுகள், பொறித்த எழுத்து, கம்மியரின் வேலைப்பாடு ஆகிய யாவும் ஒப்புநோக்கப்பட்டன. நூதனசாலையார் பொருளை அறிவர். சாசனத்தின் மொழியையும் நாட்டு வழக்கையும் அறிந்தவர் வேறிடத்தில் இருப்பர். இருவரும் ஒரு மேசையிற் கூடினாலன்றி இக்காரியம் முடியாது.

ஆடி 2023 இல் ஒல்லாந்த அரசு ஆறு பொருள்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தது: பீரங்கி, பொன் வாள் ஒன்று, வெள்ளி வாள் ஒன்று, சிங்களக் கத்தி ஒன்று, பெருந்துவக்குகள் இரண்டு. ஆறும் 1765 கொள்ளையிற் போனவை.

ஆராய்ச்சி அறிக்கைகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. வீட்டிலிருந்தபடியே ஆங்கிலம் வல்லார் படிக்கலாம். படங்களைப் பெருப்பித்து இழையிழையாய்ப் பார்க்கலாம். தோட்டத்து லயத்திலிருந்து பாடசாலை செல்லும் பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் எட்டுமா? எட்டாது. பெரியோரே, நமக்குள்ள குறை இங்கேதான் இருக்கின்றது. பல்லே வாகலவுக்கும் பேராதனைக்கும் இடையே நான்கு மைல் தூரந்தான். 1952 முதல் அங்கே பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. சரித்திரம், தமிழ், சிங்களம், தொல்பொருளியல் ஆகிய எல்லாம் ஒரே வளவில் இருக்கின்றன. நூதனசாலையும் பல்கலைக்கழகமும் கைகோத்து, நாயக்கர் காலத்துக் கண்டியை மும்மொழியிலும் இணையக் காட்சியாய் அமைக்கலாம். பொருளின் படம், அதன் கதை, வடுகர் வந்த வழி, 1753, 1760, 1765 ஆகிய யாவும் அதில் இடம்பெறல் வேண்டும். நம் பெருமைக்கு இனிப்பானதை மாத்திரம் வைத்துக் கசப்பானதை மறைக்கலாகாது.

தமிழ்ப் பகுதியை எழுதித் தர ஆள் வேண்டும் என்று நாளை யாரேனும் கேட்கக்கூடும். கேட்குமுன்னரே நாம் ஆயத்தமாகலாம். உறுப்பினர் நால்வர் ஐவர் சேர்ந்து வரும் சனிக்கிழமை பல்லே வாகலவுக்குச் செல்ல விரும்பினால், காலை ஒன்பது மணிக்கு வாயிலில் நின்று அவர்களை எதிர்கொள்ள அடியேன் சித்தமாயிருக்கின்றேன். குறிப்புப் புத்தகமும் பென்சிலும் கொண்டு வருக.