வட்டுக்கோட்டையும் திரும்பிவரும் பிரபஞ்சமும்

ஹொய்சிங்டன் எண்ட அமெரிக்க மிஷனரி வட்டுக்கோட்டை செமினரியின் அதிபராய் இருந்தவர். 1848இல் தமிழரின் வானசாத்திரம் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். 1854இல் அவரது சிவஞானபோத மொழிபெயர்ப்பு வந்தது. உலகம் ஒடுங்கும், மலம் மிச்சம் கிடப்பதால் திரும்பத் தோன்றும் என்பது அதன் முதற் சூத்திரத்தின் கருத்து. இரண்டு வருடம் முந்தித்தான், 1852இல், பயன்படும் சக்தி வீணாகிக்கொண்டே போகிறது என்று கெல்வின் எழுதியிருந்தார்.

இந்தச் சக்திக் கணக்கைச் சுருங்கி விரியும் பிரபஞ்சத்துக்குப் போட்டுப் பார்த்தவர் டோல்மன். அவரது நூல் 1934இல் வந்தது. எந்திரப்பி, அதாவது ஒழுங்கு கலைவதன் அளவு, அழியாமல் அடுத்த சுற்றுக்குக் கடத்தப்படும். அதனால் ஒவ்வொரு சுற்றும் முந்தினதைவிடப் பெரிசு. பின்னோக்கி எண்ணினால் சுற்றுகள் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு தொடக்கம் வேண்டித்தான் கிடக்கு. ஐன்ஸ்டீனின் ஈர்ப்பு விதியைத் திருத்தினால் நொருங்காமல் மீளலாம்; 2006இல் அஸ்டேகர் குழு குவாண்டம் கணக்கில் அதைக் காட்டியது. எந்திரப்பிக் கேள்வி மட்டும் அப்படியே நிக்குது.

“எங்கட ஆக்கள் இதை அப்பவே சொல்லிட்டினம்” எண்டு மேடைகளில் கேக்கிறம். நாங்கள் ஒத்துக்கொள்ளேல்லை. மலம் உயிரைப் பற்றினது. எந்திரப்பிக்கு உயிர் தேவையில்லை, தேத்தண்ணி ஆறினாலே மொத்தத்தில் கூடும். மலம் நீங்கினால் உயிருக்கு வீடுபேறு உண்டு. டோல்மனின் மிச்சம் ஒருநாளும் தீராது.