தாய் எடுத்த முடிவும் நாவலின் போக்கும்

குடும்பத்தை நாவலில் வைக்கும்போது அம்மா நல்லவளா, அண்ணன் கொடியவனா என்று முதலிலேயே தீர்த்துக்கொள்வது நம்மிடம் பழகிப்போன வழி. அப்படித் தீர்த்துக்கொண்டபின் எழுத அதிகம் மிஞ்சுவதில்லை. நெருக்கடியில் ஒருவர் என்ன செய்தார், அதன் பாரம் வீட்டில் யார் தலையில் விழுந்தது என்பதைக்கொண்டே உறவை வரைய வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு ஜெயகாந்தனை விடப் பெரிய சாட்சி தேவையில்லை. 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், அந்நியன் ஒருவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றுகிறாள். நடந்ததைத் தனக்குள் புதைத்துவிடுகிறாள். வாசகர்களிடையே பெரும் சர்ச்சையைக் கிளப்பிய முடிவு அது. பின்னர் அதே சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அந்தத் தாய் வாய்விட்டு அலறியிருந்தால் என்ற வழியில் அவர் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் மகள் கங்காவை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். தாய்மாமன் ஆதரவில் படிப்பு, வேலை. அந்த ஆதரவுக்குள்ளேயே ஒரு நச்சரிப்பு. இரண்டு தாய்மாருக்கும் பாசத்தில் குறைவில்லை. ஒருத்தி வாயை மூடினாள், மற்றவள் திறந்தாள். அந்த ஒரு மாற்றத்தில் சிறுகதை நாவலாயிற்று, 1972-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

இப்படி முடிவுகளையே நம்பினால் குடும்பம் வெறும் கதைப்பொறியாகிவிடாதா, அன்றாடப் பாசம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் சகோதரிகளான ஜமுனாவும் சாயாவும் விலகுவதும் நெருங்குவதும் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நடுவில்தான். குடத்தை எடுப்பதும் வரிசையில் நிற்பதும் அங்கே பின்னணி ஓவியமாக இல்லை. அன்றாடம் என்பதே சின்னச் சின்ன முடிவுகளின் கூட்டம்தானே.

அவை நகரத்து வீடுகளின் கதைகள், புறநகரான நம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் எப்படிப் பொருந்தும் என்பது அடுத்த ஆட்சேபம். பொருந்த வேண்டியது முறை மட்டும். முடிவுகளை நம் மண்ணே தரும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் தொடங்கியபின் இங்கே குடும்பம் ஷிப்ட் கணக்கில் வாழப் பழகியது. குவார்ட்டர்ஸ் அப்பாவின் வேலையோடு வந்தது, ஓய்வோடு போவது. எந்தப் பிள்ளை வீட்டில் பெற்றோர் தங்குவது என்ற பேச்சு அந்தத் தேதிக்கு முன்பே கிளம்பிவிடும். அப்போது மூத்த மருமகள் வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு முடிவு.

பூந்தமல்லிப் பக்கம் நிலமுள்ள குடும்பங்களில் இது இன்னும் கூர்மை. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. அதற்குமுன் மணமானவர்களை விலக்கியது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வரும்வரை, ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு இல்லாத பங்கு தங்கைக்கு மட்டும் இருந்திருக்கலாம். இதெல்லாம் வக்கீல் விவகாரம், நாவலுக்கு எதற்கு என்று ஒதுக்குவோர் உண்டு. ஒதுக்கினால் இழப்பு நாவலுக்குத்தான். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையின் கையெழுத்து வேண்டும், அக்காவுடையது வேண்டாம் என்றிருந்த அந்நாளைய நிலையில், பத்திரத்தைத் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போவது அண்ணனா, அண்ணியா, அம்மாவா என்பதை எழுத்தாளர் தீர்மானித்தாக வேண்டும். அம்மாவை அனுப்பினால் அது ஒரு நாவல். அண்ணியை அனுப்பினால் முற்றிலும் வேறொன்று.