இன்ஜின் உறுமுது... கார் நகரலையா? ‘கியர்பாக்ஸ் போச்சு’ன்னு முடிவு கட்டும் முன் இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சொந்த ஊர்ல கல்யாணத்தை முடிச்சுட்டு சென்னைக்குத் திரும்பிட்டிருக்கீங்க. பின் சீட்ல அம்மா, பாட்டி, காலடியில நாலஞ்சு தாம்பூலப் பை. திண்டிவனம் தாண்டுற வரைக்கும் கார் நல்லாத்தான் ஓடுச்சு. முன்னாடி போற லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீங்க. இன்ஜின் ‘ஊ...’ன்னு அலறுது. ஆர்பிஎம் முள் மேல ஏறுது. ஆனா, வேகம் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வருது.

எப்படியோ ஓரங்கட்டிட்டீங்க. பக்கத்து டீக்கடைக்காரர்ல இருந்து போன்ல பேசுற சித்தப்பா வரைக்கும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: “ஆட்டோமேட்டிக்கா? அப்போ கியர்பாக்ஸ் காலி. லட்சக்கணக்குல ஆகும்.”

கொஞ்சம் பொறுங்க. அது உண்மையாவும் இருக்கலாம், சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் புஷ் ஒண்ணு உடைஞ்சதாவும் இருக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது உங்க வீட்டோட சேமிப்பு.

2014-ல் மாருதி சுஸுகி செலெரியோ, ஏஎம்டி கியர்பாக்ஸோட வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆட்டோமேட்டிக் கார் எட்டுற தூரத்துக்கு வந்துச்சு. அந்தக் காலத்துல வாங்கின கார்களுக்கு இப்போ வயசு பத்தைத் தாண்டிடுச்சு. அப்பா கையில இருந்து பிள்ளைங்க கைக்கு சாவி மாறியாச்சு. வாரன்ட்டி எப்பவோ முடிஞ்சுபோச்சு. அதனால, இந்தப் பிரச்னை வரும்போது முடிவெடுக்க வேண்டிய ஆள் நீங்கதான்.

முதல் 5 நிமிஷம்: காரை விட ஆட்கள் முக்கியம்

ஓடும்போதே இழுவை போனா, பதற்றத்துல இன்ஜினை ஆஃப் பண்ணிடாதீங்க. இன்ஜின் நின்னா பவர் ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆகிடும், பிரேக்கும் இறுகிடும். ஹஸார்டு லைட்டைப் போட்டு, காருக்கு மிச்சம் இருக்கிற வேகத்துலயே மெதுவா இடதுபக்கம் ஒதுங்குங்க.

நின்னதும் ஹேண்ட்பிரேக்கை இழுங்க. எல்லாரையும் இடதுபக்கக் கதவு வழியா இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி, தடுப்புக் கம்பி இருந்தா அதுக்கு அந்தப் பக்கம் நிற்க வைங்க. “வெயிலா இருக்கு, உள்ளேயே உட்காருறேன்”னு பாட்டி சொன்னாலும் விடாதீங்க. எச்சரிக்கை முக்கோணத்தை காருக்குக் குறைஞ்சது 50 மீட்டர் பின்னால வைங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு போன் பண்ணலாம். 24 மணி நேரமும் இயங்கும் உதவி எண் அது.

கியர் லீவர் ‘பி’யில இருந்தாலும் முழுசா நம்பிடாதீங்க. காரணத்தை அப்புறம் சொல்றேன். டயருக்கு அடியில ஒரு கல்லை வைங்க.

உங்க கார்ல இருக்கிறது எந்த ஆட்டோமேட்டிக்?

மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். நாலு வகை இருக்கு.

ஏஎம்டி: உள்ளே இருக்கிறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாத்துற வேலையையும் ஒரு ஆக்சுவேட்டர் பார்த்துக்கும். லீவர்ல ‘பி’ இல்லைன்னா பெரும்பாலும் உங்களோடது இதுதான். பழுது வந்தா செலவு குறைவா முடிய வாய்ப்புள்ள வகையும் இதுதான்.

டார்க் கன்வெர்ட்டர்: பழைய, அனுபவசாலி வகை. இன்ஜினோட சக்தியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தும். ஆயில்தான் இதுக்கு ரத்தம்.

சிவிடி: தனித்தனி கியர்களே கிடையாது. ரெண்டு கப்பிக்கு நடுவுல ஒரு உலோக பெல்ட் ஓடும். ஸ்கூட்டர்ல இருக்கிற அதே தத்துவம். இதுக்குன்னு இருக்கிற ஆயிலைத் தவிர வேற எதை ஊத்தினாலும் பெல்ட் பழுதாகிடும்.

டிசிடி: ரெண்டு கிளட்ச். ஒண்ணு வேலை பார்க்கும்போதே இன்னொண்ணு அடுத்த கியரோட தயாரா நிற்கும். டிராஃபிக்ல ஊர்ந்துகிட்டே போனா கிளட்ச் சூடாகுறது இதோட பலவீனம்.

கியர்பாக்ஸ் மாதிரியே நடிக்கும் அஞ்சு விஷயங்கள்

கார் நகரலைன்னா குற்றவாளி கியர்பாக்ஸாத்தான் இருக்கணும்னு இல்லை. ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க.

1. லீவர் ‘பி’யை விட்டு வரவே இல்லையா? யாரையாவது பின்னால நிற்கச் சொல்லி பிரேக்கை மிதிங்க. பிரேக் லைட் எரியலைன்னா, பெடலுக்கு மேல இருக்கிற பிரேக் சுவிட்ச் அல்லது ஃபியூஸ் போயிருக்கலாம். பிரேக் மிதிச்சது காருக்குத் தெரியாததால லீவரைப் பூட்டியே வெச்சிருக்கு. பல கார்கள்ல லீவர் பக்கத்துல சின்ன மூடி ஒண்ணு இருக்கும். அதைத் திறந்து சாவியாலயோ ஸ்க்ரூடிரைவராலயோ அழுத்தினா பூட்டு விடுபடும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே செய்யணும், மறந்துடாதீங்க.

2. லீவர் தொளதொளன்னு ஆடுதா? லீவரை ‘டி’யில போட்டும் மீட்டர்ல வேற எழுத்து காட்டுதா? லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கேபிளோட பிளாஸ்டிக் புஷ் கழண்டிருக்கலாம். நீங்க ‘டி’ன்னு நினைப்பீங்க, கியர்பாக்ஸ் நியூட்ரல்லயே இருக்கும். அதேபோல, ‘பி’யில போட்டதா நினைப்பீங்க, உள்ளே பூட்டு விழுந்திருக்காது. கல்லு வைக்கச் சொன்னது அதுக்குத்தான்.

3. பேட்டரி எத்தனை வருஷம் ஆச்சு? ஏஎம்டி, டிசிடி ரெண்டும் மின்சாரத்தை நம்பி வாழுறவை. மூணு, நாலு வருஷம் ஆன பேட்டரி, பூத்துப்போன டெர்மினல்... இது போதும், கியர் விழாம அடம்பிடிக்கும்.

4. கியர் போட்டா டக்டக்னு சத்தம் மட்டும் வருதா? கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் உடைஞ்சிருக்கலாம், கழண்டிருக்கலாம். குனிஞ்சு பார்த்தாலே பல சமயம் தெரிஞ்சிடும்.

5. ஒரே கியர்ல மாட்டிக்கிட்டு, மெதுவா மட்டும் போகுதா? இதுக்குப் பேரு லிம்ப் மோடு. ஏதோ ஒரு சென்சார் தப்பா தகவல் கொடுத்தா, பெரிய சேதம் வராம இருக்க கம்ப்யூட்டரே காரைக் கட்டிப்போட்டுடும். ஆஃப் பண்ணி, பத்து நிமிஷம் கழிச்சு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சரியானா, மெதுவா பக்கத்து ஷெட்டுக்குப் போங்க. “சரியாகிடுச்சு”ன்னு சென்னை வரைக்கும் ஓட்டாதீங்க.

‘திடீர்னு’ போறதில்லை

உண்மையிலேயே கியர்பாக்ஸ் பழுதுன்னா, பெரும்பாலும் அது முன்கூட்டியே சொல்லியிருக்கும். நாமதான் கவனிச்சிருக்க மாட்டோம். காலையில ரிவர்ஸ் போட்டா ரெண்டு செகண்ட் கழிச்சு விழுறது, கியர் மாறும்போது முதுகுல தட்டின மாதிரி ஒரு உதறல், ஏத்தத்துல இன்ஜின் மட்டும் சுத்துறது, பார்க்கிங் தரையில சிவப்பு நிறத்துல எண்ணெய்ச் சொட்டு... இதெல்லாம் மாசக்கணக்குல வந்த எச்சரிக்கை.

டார்க் கன்வெர்ட்டர் கார்னா ஆயிலைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். புது ஆயில் பொதுவா சிவப்பா, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். கறுத்துப்போய் தீய்ஞ்ச வாடை வந்தா, உள்ளே கிளட்ச் தகடுகள் கருகியிருக்கு. மினுமினுன்னு இரும்புத் தூள் மின்னுச்சுன்னா தேய்மானம் அதிகம்.

இன்னொண்ணு ரோஸ் மில்க். பல கார்கள்ல கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கிற பகுதி ரேடியேட்டருக்குள்ளயே இருக்கும். பழசாகி உள்ளே அரிச்சுட்டா, கூலன்ட்டும் ஆயிலும் ஒண்ணா கலந்துடும். பானட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பார்த்தா, ரோஸ் மில்க்கை நுரை பொங்க ஆத்தி வெச்ச மாதிரி இருக்கும். இதைப் பார்த்தா அப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. கலந்ததும் நிறுத்தினா பிழைக்க வாய்ப்பு இருக்கு, ஓட்டினா இல்லை.

2015, 2023 வெள்ளத்துல சென்னையில நின்ன கார்களுக்கும் இது பொருந்தும். கியர்பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் மாதிரி ஒரு துவாரம் உண்டு. அதுக்கு மேல தண்ணி நின்னா உள்ளே போயிடும். செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்குறவங்க கியர்பாக்ஸ் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கான்னு அவசியம் பார்க்கணும்.

கயிறு கட்டி இழுக்காதீங்க!

நல்ல கியர்பாக்ஸையும் கெடுக்கிற இடம் இதுதான். உதவிக்கு வர்றவர் நல்ல மனசோடதான் கயிறை எடுப்பார். ஆனா, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி கார்கள்ல ஆயிலைச் சுத்தவிடுற பம்ப், இன்ஜின் ஓடினாத்தான் வேலை செய்யும். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது சக்கரம் உருண்டா, ஆயில் இல்லாம உள்ளே பாகங்கள் உரசும். அதனால, காரை முழுசா மேல ஏத்திக்கிட்டுப் போற ஃப்ளாட்பெட் வண்டிதான் வேணும்னு போன்லயே சொல்லுங்க. அது கிடைக்கலைன்னா, இன்ஜின் ஓட்டுற சக்கரம் தரையில படாம தூக்கிட்டுப் போகணும். நம்ம ஊர் சின்ன கார்கள்ல அது பெரும்பாலும் முன்சக்கரம்.

ஷெட்ல கேட்க வேண்டிய கேள்விகள்

“ஸ்கேன்ல என்ன கோடு வந்துச்சு? போட்டோ அனுப்புங்க.” பி0700-ன்னு வந்தா பயப்படாதீங்க. ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு பிழை பதிவாகியிருக்கு, அங்கே போய்ப் பாரு’ங்கிறதுதான் அதோட அர்த்தம். கியர்பாக்ஸை மாத்தணும்னு அர்த்தம் இல்லை. நீங்க ஆன்லைன்ல வாங்கி போனோட இணைக்கிற சின்ன ஸ்கேனர், பல சமயம் இதோடயே நின்னுடும். உள்ளே என்ன பிழைன்னு படிக்க, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் போகிற ஸ்கேனர் வேணும்.

“ஆயிலை இறக்கிப் பார்த்தீங்களா? அடித்தட்டுல தூள் இருந்துச்சா?”

“முழு கியர்பாக்ஸா, இல்லை சோலனாய்டு, வால்வ் பாடி, ஆக்சுவேட்டர்னு ஒரு பகுதி மட்டும் மாத்தினாப் போதுமா?”

“ரீபில்ட் பண்ணினா எத்தனை மாச வாரன்ட்டி? எழுத்துல தருவீங்களா? பழைய பாகங்களைத் திருப்பித் தருவீங்களா?”

“வேலை முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல ரீலேர்ன் பண்ணுவீங்களா?” புதுசா மாத்தின கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு காருக்குக் கத்துக்கொடுக்கிற வேலை அது. அதைச் செய்யாம விட்டா, மாத்தின பிறகும் உதறல் போகாது.

பதில் தெளிவா வரலைன்னா, காசு கட்டுறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்ற இன்னொரு ஷெட்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சரி பண்ணவா, வித்துடவா?

முதல்ல ஒரு கசப்பான விஷயம். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி மெக்கானிக்கல் பழுதுக்குப் பணம் தராது. ஆனா, ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் எடுத்திருந்தா, டோயிங் செலவாவது மிஞ்சும். பாலிசியை இன்னிக்கே ஒருமுறை திறந்து பாருங்க.

முடிவெடுக்க ஒரு எளிய கணக்கு: கார் நல்லா ஓடினா இன்னிக்கு என்ன விலை போகும்? ரிப்பேர் செலவு அதுல பாதிக்குக் கீழேன்னா, இன்ஜினும் பாடியும் நல்லா இருந்தா, சரி பண்ணுங்க. பாதியைத் தாண்டினா குடும்பத்தோட உட்கார்ந்து பேசுங்க. “அப்பா வாங்கின கார்”ங்கிற பாசம் நியாயமானதுதான். ஆனா, அதுக்காகக் கடன் வாங்கணுமான்னு அப்பாகிட்டயே கேளுங்க. பல வீடுகள்ல அவர்தான் முதல்ல “வித்துடு”ன்னு சொல்வார்.

இன்னும் பத்து வருஷம் ஓட...

‘லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்’னு யாராவது சொன்னா, யாரோட லைஃப்னு கேளுங்க. நம்ம வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் ஆயில் சீக்கிரமே களைச்சுப்போகும். கார் மேனுவல்ல ‘கடினமான சூழல்’னு தனியா ஒரு கால அளவு கொடுத்திருப்பாங்க. அதைப் பின்பற்றுங்க. மேனுவல்ல சொன்ன அதே ஆயிலை ஊத்துங்க.

ஏத்தத்துல காரை நிறுத்திவைக்க ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க, பிரேக்கைப் பயன்படுத்துங்க. ஊட்டி, கொடைக்கானல் ஏறி இறங்கும்போது மேனுவல் மோடு அல்லது ‘எல்’ போடுங்க. கார் முழுசா நின்ன பிறகே ரிவர்ஸ் போடுங்க.

சரிவுல பார்க் பண்ணும்போது பிரேக்கை மிதிச்சு, நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை எடுத்து கார் நிற்குதான்னு பார்த்துட்டு, மறுபடி பிரேக்கை மிதிச்சு ‘பி’ போடுங்க. இல்லைன்னா, காரோட மொத்த எடையும் உள்ளே இருக்கிற ஒரு சின்ன இரும்புக் கொக்கி மேலதான் விழும்.

நாளைக்குக் காலையில காரை எடுக்கும்போது ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. தரையில சொட்டு இருக்கான்னு பாருங்க. ரிவர்ஸ் விழ எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கவனிங்க. ஏதாவது தாமதம் தெரிஞ்சா, அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே ஷெட்டுக்கு விடுங்க. பாட்டியை நடுரோட்டுல இறக்கி நிற்க வைக்கிற வேலை மிச்சம்!