உப்புத் தின்ற சேஸிஸ்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அடியில், சுமார் 1,100 அடி ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே காரும் லாரியும் செய்து உலகத்துக்கு அனுப்பிய ஊர். கீழே அதே வண்டிகளை அரிக்கிற உப்பு. பனிக்காலச் சாலைகளில் கொட்டுவதற்காகவே அதை வெட்டி எடுக்கிறார்கள்.

ஏப்ரலில் பனி உருகியதும், மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா மாநிலங்களின் வீட்டு முற்றங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பழைய பிக்கப் லாரி ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும். அடியில் ஒருவர் மல்லாந்து படுத்து, கம்பி பிரஷ்ஷால் சேஸிஸைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அந்த வட்டாரத்துக்கே ‘உப்புப் பட்டை’ என்று பெயர். இரும்புக்கு வயதானால் துருப்பிடிக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் அதே வயதுள்ள லாரி வறண்ட அரிசோனாவில் சேஸிஸ் கெடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒஹாயோவில் உதிர்கிற துருவுக்குக் காரணம் வயது மட்டுமல்ல.

ஃபோர்டு நிறுவனம் 1917இல் மாடல் டிடி லாரியை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெறும் சேஸிஸ்தான். மரத்தில் பாடி கட்டிக்கொள்வது அவரவர் பாடு. அந்தக் காலத்துப் பனிச்சாலைகளில் மணலையும் நிலக்கரிச் சாம்பலையும் தூவினார்கள். சில ஊர்களில் பெரிய உருளைகளால் பனியை அழுத்தி, சறுக்குவண்டிக்குத் தோதாக்கினார்கள். பல கார்கள் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையிலேயே கிடந்தன.

1938இல் நியூ ஹாம்ப்ஷர் மாநிலம் சாலைகளில் உப்பைத் தூவிச் சோதித்தது. 1941-42 குளிர்காலத்தில் அதையே தன் பொதுக் கொள்கையாக்கியது. அந்த ஆண்டு அமெரிக்க நெடுஞ்சாலைகள் எல்லாவற்றிலும் சேர்த்துத் தூவிய உப்பு சுமார் 5,000 டன். போர் முடிந்ததும், பனிக்காலத்திலும் சாலை தார் தெரியக் கிடக்க வேண்டும் என்று நகரங்கள் எதிர்பார்க்கத் தொடங்கின. 1955இல் கணக்கு 10 லட்சம் டன்னைத் தொட்டது. அடுத்த 15 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஒரு கோடி டன். வழுக்கலில் போகவிருந்த உயிர்களை உப்பு காப்பாற்றியது உண்மை. அதற்கான விலையில் பெரும்பங்கை வண்டிக்காரர் தலையில் கட்டியதும் உண்மைதான்.

உப்பு கலந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால் துரு வேகமாக வளர்கிறது. காய்ந்த உப்பும் சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் அது ஆப்பு அடித்ததுபோல் நெம்பிப் பிரிக்கும். பழைய லாரிகளின் சேஸிஸ் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவம். சேறு விழுந்தாலும் கழுவிவிடலாம். பிறகு வந்த பெட்டி வடிவ சேஸிஸ் முறுக்கைத் தாங்கும், ஆனால் உள்ளே புகுந்த உப்புச்சேறு அங்கேயே தங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளிருந்தே தகடு கரையும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்: நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்த இரும்பு மொத்தென்று சத்தம் கொடுக்கும்.

துருவை மணலால் அடித்துப் போக்கும் முறைக்கு 1870இல் காப்புரிமை பெற்றவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன், உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காகப் படை நடத்தியவர். வேலையை மின்னல் வேகத்தில் முடித்த அந்த மணல், தொழிலாளர்களின் நுரையீரலையும் அடித்தது. சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸுக்குக் குணம் கிடையாது. வார்ப்பு இரும்பைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்துவதற்கு பிரிட்டன் 1949இல் தடை விதித்தது. அமெரிக்காவில் 1974இல் தொழில்நலத்துக்கான அரசு ஆய்வு நிறுவனம் அதே தடையைப் பரிந்துரைத்தும், நாடு தழுவிய தடை வரவில்லை. வீட்டில் சின்ன கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு ஆற்றுமணலை அடிப்பவர்களை நினைத்தால் பதறுகிறது. முகத்தில் கட்டிய கைக்குட்டை அந்தத் தூசுக்கு ஒரு தடையே அல்ல.

சுரண்டிய இரும்புக்கு நெடுங்காலம் காவல் ஈயச் செந்தூரம். 1937இல் திறந்த கோல்டன் கேட் பாலத்தின் இரும்புகள் அந்தச் செந்நிறப் பூச்சோடுதான் வந்து இறங்கின. பாலத்துக்கு ஆரஞ்சு நிறம் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தைக் கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவுக்குத் தந்தது அந்த நிறமே. ஈயம் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 1978இல் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் அதைத் தடை செய்தார்கள். நம் பட்டறைகளில் புழங்கும் ரெட் ஆக்சைடு பார்க்க அதைப்போல இருந்தாலும் வேறு பொருள். அதன் நிறமியே இரும்பு ஆக்சைடு, துருவின் உறவுக்காரன்.

கப்பல் மாலுமி ராபர்ட் ஃபெர்குஸன் கண்டது இன்னொரு வழி. மீன் எண்ணெய் சிந்திய தளத்தில் துரு பரவாமல் நின்றதைக் கவனித்து, 1921இல் ரஸ்ட்-ஓலியம் நிறுவனத்தைத் தொடங்கினார். உதிர்கிற செதிலைச் சுரண்டிவிட்டு, ஒட்டியிருக்கும் துருவின் மேலேயே பூசலாம் என்பது வீட்டுக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். 1959இல் டெட்ராய்ட்டில் கர்ட் சீபார்ட் தொடங்கிய தொழில் மூடிய பெட்டிப்பகுதிகளைக் குறிவைத்தது: துளையிட்டு, உள்ளே துருத்தடுப்புப் பூச்சைப் பீச்சுவது.

சாயத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி மூலைமுடுக்கெல்லாம் பெயிண்ட் படியவைக்கும் முறையை ஃபோர்டு 1960களில் ஆலைக்குக் கொண்டுவந்தது. அப்படியும் கதை முடியவில்லை. டொயோட்டா 2008இல் 1995-2000 ஆண்டுகளின் டகோமா பிக்கப்களுக்குத் துரு உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. சேஸிஸ் அரித்தவற்றைத் திரும்ப வாங்கவும் செய்தது. 2016இல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கான வழக்குச் சமரசத்தில், ஒரு சேஸிஸ் மாற்றும் செலவை ஏறத்தாழ 15,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

அத்தகைய உத்தரவாதம் இல்லாதவர் முற்றத்திலேயே சமாளிக்கிறார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். உப்புத் தின்ற சேஸிஸுக்கும் முதலில் தண்ணீர்தான். பீச்சிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகே கம்பி பிரஷ், உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட். கடைசியாக, நாற்புறமும் தெளிக்கும் முனை வைத்த நீளக் குழாயைப் பெட்டிக்குள் நுழைத்து மெழுகைப் பீச்சுகிறார். வடிகால் துளைகளில் மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டாத துளையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார். அங்கே போன குளிர்காலத்துச் சேறு இன்னும் இறுகிக் கிடக்கும்.