மண்ணா, கண்ணாடியா?

விருத்தாசலம் செராமிக் பேட்டைப் பட்டறைகளில் ஒரே பொம்மையை இரண்டு நிலைகளில் பார்க்கலாம். முதல் தடவை சுட்டு எடுத்தது வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சுப் பூசி மறுபடி சூளைக்குப் போய்வந்ததில் அதே சொட்டு உருண்டு ஓடிவிடும். பேட்டையில் வேலை பார்க்கும் யாருக்கும் இது தினமும் காண்கிற சங்கதி. ஆனால் 1130களின் நடுவில், யேமனின் ஏடன் துறைமுகத்து யூதர்களை இந்த வித்தியாசம் பெரிய தர்மசங்கடத்தில் மாட்டிவிட்டது.

அவர்கள் வீடுகளுக்குச் சீனாவிலிருந்து புதுவகைக் கிண்ணங்கள் வந்திருந்தன. 'சீனி' என்றே பெயர். யூதச் சட்டத்தில் பாத்திரத்தின் சாதி முக்கியம். மண்பாண்டம் தீட்டை உள்வாங்கிக்கொள்ளும், கழுவினால் போகாது, உடைக்க வேண்டியதுதான், லேவியராகமத்தில் இருக்கிறது. உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் விதி வேறு. இந்தச் சீனிக் கிண்ணம் எதில் சேர்த்தி? செய்தது மண்ணில். பார்த்தால் கண்ணாடி. உள்ளூரில் தீர்க்க முடியாமல், பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்துக்குக் கேள்வி எழுதி அனுப்பினார்கள்.

நமக்கு இது சிரிப்பை வரவழைக்கக் கூடாது. சாவு விழுந்த வீட்டில் புழக்கத்தில் இருந்த மண்பானைகளைத் தூக்கிப்போட்டு உடைத்தவர்கள், பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டவர்கள் நம் பாட்டிமார். ஊறுகாய் ஜாடியை என்ன செய்வது என்று அவர்களும் ஒரு கணம் யோசித்திருப்பார்கள்.

அந்தக் கேள்வி எழுதிய தாள் எப்படிப் பிழைத்தது என்பது தனிக் கதை. கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது யூதர் வழக்கம். ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அதற்கென ஓர் அறை இருந்தது. கெனிசா என்பார்கள். வேதத்தாளோடு வியாபாரக் கடிதம், கல்யாண ஒப்பந்தம், கடன் சீட்டு எல்லாம் அதற்குள் போய் விழுந்தன. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது. நம் ஊரில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதை உ.வே.சா. வயிறெரிந்து எழுதியிருக்கிறார். அதுவும் பக்திதான். அவர்கள் பக்தி அறையில் போட்டது, நம் பக்தி வெள்ளத்தில் விட்டது.

1896இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சாலமன் ஷெக்டர் எகிப்துக்குப் போய், அந்த அறையிலிருந்து ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கொண்டுவந்தார். யூத வரலாற்றைப் பல்கலைக்கழக முறையில் படிக்க வேண்டும் என்ற பேச்சு 1819இலேயே பெர்லினில் லியோபோல்டு சூன்ஸ் முதலான இளைஞர்களிடம் தொடங்கியிருந்தது. ஆனால் அந்தத் தலைமுறையின் கண் பெரும்பாலும் நூல்கள் மேல், பண்டிதர்கள் மேல். ஷெக்டரும் பழைய மறைநூல் பிரதிகளைத்தான் தேடினார். கடைக்கணக்கும் சரக்குச் சீட்டும் பெட்டிகளில் காத்துக் கிடந்தன.

அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் எஸ்.டி. கோய்ட்டைன். ஜெர்மனியில் பிறந்து, ஜெருசலேமில் யேமன் யூதர்களின் பேச்சையும் வாழ்க்கையையும் ஆராய்ந்து, பிறகு அமெரிக்கா போனவர். எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழிக் கடிதங்களைப் படிக்கப் படிக்க, அவற்றில் இந்தியா எட்டிப் பார்த்தது. துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு 1132 வாக்கில் மங்களூர்ப் பக்கம் வந்து, சுமார் பதினேழு வருடம் மலபார்க் கரையில் இருந்தார். அஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு 1132இல் அவர் விடுதலை எழுதிக்கொடுத்த பத்திரம் இருக்கிறது. வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். ஏடன்காரர்கள் உடைந்த பாத்திரங்களை அனுப்பி உருக்கிப் புதிதாக வார்த்துத் தரச் சொன்னார்கள். பதிலுக்கு வந்த அன்பளிப்புகளில் எழுதும் தாளும் உண்டு. ஓலையில் எழுதும் நாட்டில் தாளுக்கு எங்கே போவார் மனிதர்? கோய்ட்டைன் சேர்த்துவைத்த இந்தியக் கடிதங்களை மொர்தெகாய் ஃபிரீட்மன் முடித்து 2008இல் நூலாக்கினார். அமிதவ் கோஷ் 1992லேயே பென் யிஜுவின் வேலையாள் பொம்மாவைத் தேடி ஒரு புத்தகம் எழுதிவிட்டார்.

சீனிக் கிண்ணத்துக்குத் திரும்புவோம். 2016இல் எலிசபெத் லம்போர்ன், ஃபிலிப் அக்கர்மன்-லீபர்மன் இருவரும் அந்தக் கேள்விகளைத் துருவினார்கள். ஒருவர் இந்தியப் பெருங்கடல் பொருள்களின் வரலாறு அறிந்தவர், மற்றவர் யூதச் சட்டம் கற்றவர். சீனப் பாண்டங்கள் மேற்கே முன்பே போயிருக்க, திடீரென அந்தச் சமயத்தில் ஏன் இந்தக் கேள்வி? நீலச்சாயல் கொண்ட வெள்ளை 'சிங்பாய்' பீங்கான் அப்போதுதான் யேமனில் இறங்கியது என்பது அவர்கள் விடை. பழைய சீனப் பாண்டத்தை மண் என்று ஒதுக்க முடிந்தது. இந்த மெல்லிய, ஒளி ஊடுருவும் கிண்ணத்தை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்த ஆராய்ச்சி இந்த வகைதான். மதச்சட்டம் தெரிந்தவர் மட்டும் படித்திருந்தால் இன்னொரு தீட்டு விவகாரம் என்று புரட்டியிருப்பார். பீங்கான் தெரிந்தவர் மட்டும் என்றால் எபிரேய எழுத்து குறுக்கே நின்றிருக்கும். அந்தச் சரக்கு வந்த கடல்வழியில் நம் கரையும் உண்டு. ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் சில்லுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

ஏடன்காரர்களின் குழப்பமும் நியாயமானதே. வெள்ளைக் களிமண்ணோடு கல்பொடி சேர்த்து 1300 டிகிரியை ஒட்டிச் சுடும்போது, கிளேஸ் மட்டுமல்ல, உடம்பின் உள்ளேயே ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகிவிடுகிறது. மண்தான், கண்ணாடியும்தான். சந்தேகம் இருந்தால் உடைந்த விளிம்பை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். விருத்தாசலத்தில் முதல் சுடலில் வந்த பொம்மையின் சில்லு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பீங்கானுடையது வழுக்கும்.